இரண்டு விரல் இடைவெளி

"பாப்பா, காடி ஒட்டகம் மாதிரி நிக்குது. இந்த வாரம் வர்றியா?"

காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு ஒலிபரப்புக் கூடத்திலிருந்து வெளியே வந்த நேரத்தில் ஈப்போவிலிருந்து மாமா அழைத்தார். குரல்களைக் கேட்டே பிழைப்பவள் நான். மாமாவின் குரல் அன்று நடுங்கியது.

காடி என்று அவர் சொல்வது 1972-ஆம் ஆண்டின் எம்ஜிபி. கூரையை மடித்துக்கொள்ளலாம், இருக்கைகள் இரண்டே இரண்டு. இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை, மூடிய கூரை வகையையும் சேர்த்து, ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் அது. 1989-இல் ஓய்வுபெற்று ஊர் மாறிய ஒரு தோட்ட மருத்துவரிடமிருந்து மாமா அதை வாங்கினார். அத்தை ஒரு மாதம் பேசவில்லையாம். அரசாங்கக் குமாஸ்தா வீட்டில் கூரை இல்லாத கார் எதற்கு என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான்.

மாமாவுக்கு இப்போது 71 வயது. முட்டி ஒத்துழைப்பதில்லை. ஆனால் மகளின் திருமணத்தன்று வீட்டிலிருந்து மண்டபம் வரை அவளை இதே காரில், தானே ஓட்டிக் கூட்டிப்போக வேண்டும் என்பது பல வருடத்துத் திட்டம். அதற்காகவே முன்பக்கக் கிங் பின், நான்கு சக்கரங்களுக்கும் புது ஸ்பிரிங், புது ரப்பர் புஷ், அப்சார்பர் என்று 6,400 வெள்ளிக்கு வேலை செய்தார். உதிரிப் பாகங்களில் பாதி இங்கிலாந்திலிருந்து வந்தவை. கார் வீட்டுக்குத் திரும்பியபோது கல்யாணத்துக்கு ஏழு வாரம் இருந்தது.

கார் நன்றாக ஓடியது. ஸ்டியரிங் ஆட்டம் போய்விட்டது. நின்ற நிலைதான் சரியில்லை. டயருக்கும் பாடிக்கும் நடுவில் முன்பு இரண்டு விரல்தான் நுழையும் என்பது மாமாவின் கணக்கு. இப்போது கையையே விடலாம். பக்கத்து வீட்டுப் பையன், "அங்கிள், இது ஃபோர் வீல் டிரைவா?" என்று கேட்டிருக்கிறான். மாமா அன்று இரவு சாப்பிடவில்லை.

வேலை செய்த மெக்கானிக் நம் பையன்தான். கெட்டிக்காரன், நாணயமானவன். அவன் சொன்ன தீர்வு இது: "முன்னால ஸ்பிரிங்ல ஒரு சுத்து வெட்டி, பின்னால ஒரு பட்டைய எடுத்துட்டா இறங்கிடும் அங்கிள். அரை நாள் வேலை."

மாமா சரி என்று சொல்லும் நிலையில்தான் எனக்கு அழைத்தார்.

முதலில் அளவு நாடா

எனக்குக் கார் வேலை தெரியாது. ஆனால் மாமாவால் குனிய முடியாது, என்னால் முடியும். அவரிடம் இருந்த பழைய பட்டறைக் கையேட்டை நான் சத்தமாக வாசித்தேன். நாடாவையும் நான் பிடித்தேன். அந்த ஏழு வாரத்தில் என் பங்கு அவ்வளவுதான்.

சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து அதற்கு நேர் மேலே பாடியின் வளைவு விளிம்பு வரை அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றும் தேய்மானமும் கணக்கில் புகுந்துவிடும். டயர்களில் காற்று சரியாக இருக்க வேண்டும், பெட்ரோல் அளவு ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும், தரை மட்டமாக இருக்க வேண்டும். நம் வீடுகளின் கார் நிறுத்துமிடம் மழைநீர் ஓடுவதற்காகச் சாய்த்தே கட்டப்பட்டிருக்கும்; அங்கே நிறுத்தினால் பாரம் ஒரு பக்கம் சாயும். கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாயை வைத்துத் தேடியதில், வீட்டுக்கு எதிரே சாலையோரம் ஓரளவு மட்டமான ஓர் இடம் கிடைத்தது.

முன் இடது 412 மில்லிமீட்டர், முன் வலது 408. பின் இடது 415, பின் வலது 410.

"முன்னாடி எவ்ளோ இருந்துச்சு மாமா?"

அவர் இரண்டு விரலைக் காட்டினார்.

அங்கேதான் முதல் தவறு. கழற்றுவதற்கு முன் யாரும் அளக்கவில்லை. இரண்டு நிமிட வேலை. மெக்கானிக் தம்பியும் அளக்கவில்லை, மாமாவும் அளக்கவில்லை. ஆக, எங்கே திரும்பிப் போக வேண்டும் என்று சொல்ல எங்களிடம் ஓர் எண்கூட இல்லை.

எம்ஜிபியில் உயரத்தை மாற்றுவதற்கென்று திருகாணி எதுவும் கிடையாது. நம் தாத்தாக்கள் காலத்து மோரிஸ் மைனரில்கூட முன்பக்கம் ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்குக் கம்பி இருந்தது. அதன் பின்முனை நெம்புகோலை நகர்த்தி உயரத்தைத் திருத்தலாம். அந்தக் காலத்து போர்ஷே 911-இன் பின்பக்க முறுக்குக் கம்பி இன்னும் சாமர்த்தியம். ஒரு முனையில் 40 பல், மறுமுனையில் 44 பல். உள்முனையை ஒரு பல் இந்தப் பக்கமும் வெளிமுனையை ஒரு பல் அந்தப் பக்கமும் மாற்றிச் செருகினால், ஒரு பாகைக்கும் குறைவான மாற்றம் கிடைக்கும். எம்ஜிபிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. முன்னால் சுருள் ஸ்பிரிங், பின்னால் லாரியில் இருப்பது போன்ற பட்டை ஸ்பிரிங். ஸ்பிரிங் எந்த உயரத்தில் தாங்குகிறதோ அதுதான் காரின் உயரம். குறைக்க வேண்டுமானால் வேறு ஸ்பிரிங் போட வேண்டும். பின்னால் அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைத்து இறக்கலாம். இல்லையென்றால் வெட்ட வேண்டும்.

வெட்டுவதில் என்ன தவறு? சுருள் ஸ்பிரிங்கில் சுற்று குறைந்தால் உயரம் மட்டும் குறையாது, ஸ்பிரிங்கும் விறைப்பாகிவிடும். வெட்டிய முனை கிண்ணத்தில் சரியாக உட்காராது. ஏறியிறங்கும்போது நகரலாம். அனுமதி இல்லாத மாற்றம் என்று ஜேபிஜே சம்மன் கொடுத்தால் எதிர்த்துப் பேசவும் முடியாது. எல்லாவற்றுக்கும் மேல், வெட்டியதை ஒட்ட முடியாது. இங்கிலாந்திலிருந்து வந்த ஸ்பிரிங் வேறு.

இன்னொரு சந்தேகமும் எனக்கு இருந்தது. 1974-இன் பிற்பகுதியில், பம்பர் உயரம் பற்றிய அமெரிக்கச் சட்டத்துக்காக எம்ஜிபியைச் சுமார் ஓர் அங்குலம் உயர்த்தினார்கள். பளபளக்கும் குரோம் பம்பர் போய், கறுப்பு ரப்பர் பம்பர் வந்ததும் அப்போதுதான். உயரமான காரில் வளைவில் சாய்வு அதிகம் என்று ரசிகர்கள் இன்றுவரை புலம்புகிறார்கள். அந்தப் பின்னாள் காருக்குரிய ஸ்பிரிங்கைத் தவறுதலாக அனுப்பிவிட்டார்களோ என்று பில்லை எடுத்துப் பாக எண்களைச் சரிபார்த்தோம். சரியான ஸ்பிரிங்தான்.

மெங்லெம்புவில் ஒரு குழி

மெங்லெம்புவில் ஐம்பது வருடமாக லாரி ஸ்பிரிங் வேலை செய்யும் ஒரு சீனப் பெரியவர் இருக்கிறார். மாமா அவரைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவார். ஒரு லாரிப் பட்டையைக் கொஞ்சம் வளைவு குறைத்துத் தர முடியுமா என்று கேட்கத்தான் போனோம். மெக்கானிக் தம்பியும் கூட வந்தான். கூப்பிடாமலே வந்தான், அதைச் சொல்ல வேண்டும்.

தவுக்கே காரைச் சுற்றி வந்தார். பின் பம்பரை இரண்டு கையாலும் அழுத்தினார். கார் இறங்கி, அழுத்தத்தை விட்டதும் விறைப்பாக மேலே வந்து நின்றது. தம்பியிடம் மலாயில் ஒரே ஒரு கேள்வி: நட்டை முறுக்கும்போது கார் எங்கே இருந்தது?

"மேலே. ஹாய்ஸ்ட்ல."

"சக்கரம்?"

"தொங்கிட்டு இருந்துச்சு."

தவுக்கே தலையை ஆட்டினார். "ஜாங்ஙான் போத்தோங்," என்றார். வெட்டாதே.

எனக்குப் புரிய வைத்தவர் மாமா. இப்போது போட்டிருக்கும் புஷ், 1973 முதல் 1976 வரை வந்த எம்ஜிபி ஜிடி வி8 காரில் இருந்த வகை. நடுவில் இரும்புக் குழல், சுற்றி அதோடு ஒட்டிய ரப்பர். நட்டை இறுக்கியதும் அந்தக் குழல் அசையாமல் பிடிபட்டுவிடும். அதன்பின் சக்கரம் ஏறி இறங்கும்போது ரப்பர் வழுக்காது, முறுக்கிக்கொள்ளும். ஈரத்துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையைத் திருகுவது போல. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், அந்தத் தொங்கும் நிலையையே ரப்பர் தன் இயல்பு நிலையாக எடுத்துக்கொள்ளும். காரைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முழுக்க முறுக்கிய நிலையில் நின்று, காரை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கின் முன்கண்ணில் இருக்கும் புஷ்ஷுக்கும் இதே கதைதான். உயரம் கூடுவது தொல்லையின் ஒரு பகுதிதான். ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் அந்த ரப்பர் மேலும் முறுக்கப்பட்டு, சீக்கிரமே கிழிந்துவிடும்.

அப்படியானால் அன்றைக்கு வெட்டியிருந்தால்? முறுக்கிய ரப்பர் தூக்கி வைத்திருந்த உயரத்தைக் கணக்கில் வைத்து வெட்டியிருப்போம். சில மாதத்தில் ரப்பர் கிழிந்து கார் இன்னும் கீழே போயிருக்கும். எம்ஜிபியின் புகைக்குழாய் ஏற்கெனவே தாழ்வு. எங்கள் தாமானில் வீட்டு வாசலுக்கும் முதன்மைச் சாலைக்கும் நடுவே நான்கு பம்பு இருக்கிறது.

இது பழைய காருக்கு மட்டுமான பாடம் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் மைவியிலும் சாகாவிலும் கீழ்க்கை புஷ் பெரும்பாலும் இதே மாதிரி ஒட்டிய ரப்பர்தான். இன்றைய பட்டறைகளில் இருக்கும் இரண்டு தூண் ஹாய்ஸ்ட் காரைப் பாடியைப் பிடித்துத் தூக்குகிறது, சக்கரங்கள் தொங்கும். கழற்ற வசதி, மாட்ட வசதி. அந்த வசதியிலேயே கடைசி இறுக்கத்தையும் முடித்துவிடத் தோன்றும். அடுத்த முறை புஷ் மாற்றும்போது, "பாரம் சக்கரத்தில் இருக்கும்போது இறுக்கினீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். போன வருடம் மாற்றிய புஷ் ஏன் இந்த வருடமே கிழிந்தது என்ற கேள்விக்கு அங்கே பதில் இருக்கலாம்.

தவுக்கேயிடம் இருந்தது பழைய காலத்துக் குழி. கார் அதன் மேல் தன் நான்கு சக்கரத்தில் நிற்கும். ஆள் கீழே இறங்கி வேலை செய்வார். வீட்டில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று: வெறும் ஜேக்கை நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது.

ஓட்டுநர் இருக்கையில் பாரம் வேண்டும் என்றார் தவுக்கே. மாமா உட்கார்ந்தால் மேற்பார்வை பார்க்க முடியாதே! பக்கத்துக் கடையில் பத்து கிலோ அரிசி மூட்டை எட்டு இரவல் வாங்கி இருக்கையில் அடுக்கினோம். மாமாவின் எடை 78 கிலோ. "ரெண்டு கிலோ எனக்குக் கல்யாண விருந்துக்கு," என்றார்.

தம்பி குழியில் இறங்கி, முன் கீழ்க்கைகளின் நட்டுகளையும் பின்பட்டைகளின் போல்ட்டுகளையும் தளர்த்தினான். மூன்றாவது நட்டு தளர்ந்தபோது 'டொக்' என்று ஒரு சத்தம். ஒலிவாங்கி கையில் இல்லையே என்று வருந்தினேன். பிறகு காரை ஐந்து மீட்டர் முன்னும் பின்னும் தள்ளினோம். உயர்த்தி இறக்கிய காரில் டயர்கள் தரையைக் கவ்வி உள்பக்கம் இழுபட்டு நிற்கும்; உருண்டால்தான் இயல்பாகப் பரவும். நான்கு மூலையையும் அழுத்தி அழுத்தி விட்டோம். அதன்பின்தான் இறுக்கினான். ஒவ்வொரு நட்டையும் டார்க் ரெஞ்ச் வைத்து, எண்ணை நான் கையேட்டிலிருந்து வாசிக்க வாசிக்க இறுக்கினான்.

அரிசியை இறக்கிவிட்டு அதே சாலையோரத்தில் மறுபடி அளந்தோம். முன்னால் 398, 395. பின்னால் 406, 402. பதினான்கு மில்லிமீட்டர் வரை இறங்கியிருந்தது. ஒரு துண்டு இரும்புகூட வெட்டவில்லை. தவுக்கே வாங்கிக்கொண்டது 50 வெள்ளி.

"இன்னும் ஒசரம்தான்," என்றார் மாமா.

மருத்துவரின் படம்

புது ஸ்பிரிங் உடனே தன் நிலைக்கு வராது, சில நூறு கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று கையேட்டுக்காரர்களும் தவுக்கேயும் ஒரே குரலில் சொன்னார்கள். அடுத்த நான்கு ஞாயிறும் காலை ஆறு மணிக்கு மாமாவும் நானும் கிளம்பினோம். பழைய சாலையில் கோலகங்சார் போய் வருவோம். இன்னொரு வாரம் கம்பார், தாப்பா. நெடுஞ்சாலையைத் தவிர்த்தோம். வளைவும் மேடும் பள்ளமும் இருந்தால்தானே ஸ்பிரிங் வேலை செய்யும்! வீட்டுக்கு வந்ததும் கார் ஆறியபின் அளவு. முந்நூறு கிலோமீட்டரில் முன்னால் 391, 388. பின்னால் 397, 393.

மாமாவுக்கு இறங்குவது தெரிந்தது, திருப்தி இல்லை. இரண்டு விரல், இரண்டு விரல் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது மறுபடி "வெட்டிடலாமா" என்று ஆரம்பித்தார். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்துவிட்டது. பெண்ணை உட்கார வைத்து ஓட்டப்போகும் கார் இது மாமா என்றேன். அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அத்தைதான் ஓர் உறையைக் கொண்டுவந்தார். காரை விற்றபோது அந்த மருத்துவர் கொடுத்த காகிதங்கள். உள்ளே ஒரு கறுப்பு வெள்ளைப் படம், பின்னால் 1973 என்று பேனாவால் எழுதியிருந்தது. ஈப்போ ரயில் நிலையத்தின் வெள்ளைக் கட்டடத்துக்கு முன்னால் இதே கார், ஒரு வயதுப் பிள்ளையாக, பக்கவாட்டில் நிற்கிறது.

டயருக்கும் பாடிக்கும் நடுவில் இரண்டு விரலைவிட நிறையவே இடைவெளி.

நான் ஒரு ஸ்கேலை எடுத்தேன். கார் இன்னும் அதே கம்பிச் சக்கரத்தில்தான் ஓடுகிறது. அதன் ரிம்மை விளிம்பு முதல் விளிம்பு வரை அளந்தால் 382 மில்லிமீட்டர். படத்தில் ரிம் 21 மில்லிமீட்டர். சக்கர நடுவிலிருந்து வளைவு விளிம்பு வரைக்கும் அதே 21. அப்படியென்றால் புதிதாக இருந்தபோது காரின் உயரம் ஏறக்குறைய 380-ஐ ஒட்டித்தான் இருந்திருக்க வேண்டும். படத்தில் அரை மில்லிமீட்டர் பிசகினால் காரில் ஒன்பது மில்லிமீட்டர் பிசகும், எனவே இதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஒன்று தெளிவு. மாமா 1989-இல் வாங்கும்போதே அந்த ஸ்பிரிங்குகளுக்கு 17 வயது. அவர் மனதில் அச்சாகிவிட்ட இரண்டு விரல், களைத்துப்போன ஸ்பிரிங்கின் இரண்டு விரல். பிறகு வந்த முப்பத்தைந்து வருடத்தில் அது இன்னும் தாழ்ந்திருக்கும். தினம் பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

மாமா படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்படித்தான் இருந்துச்சா!" என்றார். வெட்டுவது பற்றி அதன்பின் பேசவில்லை.

அறுநூறு கிலோமீட்டரில் முன்னால் 387, 383. பின்னால் 390, 387. அடுத்த வாரம் அளந்தபோதும் அதே எண்கள். முன்பக்கம் மொத்தம் 25 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. அமெரிக்காவுக்காக உயர்த்திய அந்த ஓர் அங்குலம்தான் அதுவும்.

உயரம் நிலைத்தபிறகுதான் அலைன்மென்ட். வேலை முடிந்த மறுநாளே செய்திருந்தது வீணாய்ப் போனது, ஏனென்றால் உயரம் மாறினால் முன்சக்கரங்கள் உள்நோக்கும் அளவும் மாறும். இந்தக் காரில் முன்பக்கம் திருத்த முடிவது அது ஒன்றுதான். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு முதல் முப்பத்திரண்டில் மூன்று பங்கு வரை. முன்விளக்குகளின் கோணத்தையும் தாழ்த்தித் திருத்தினோம். அதையெல்லாம் தம்பி காசு வாங்காமல் செய்து கொடுத்தான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாமாவுக்குக் கடைசியாக ஒரு சந்தேகம்: இரண்டு பேர் உட்கார்ந்தால் சாயுமா? ஓட்டுநர் பக்கத்துக்கு எட்டு மூட்டை தயார். மணப்பெண் பக்கத்துக்கு எத்தனை மூட்டை என்று அவர் மகளிடம் கேட்டதற்கு, வீட்டில் நடந்த சண்டையை இங்கே எழுத முடியாது. பட்டுச் சேலை, நகை, மாலை எல்லாம் சேர்த்து ஆறு என்று அத்தை சமாதானம் செய்து வைத்தார்.

மறுநாள் காலை ஏழரைக்கு இருவரும் கிளம்பினார்கள். மாலை கசங்காமல் இருக்கக் கூரையைத் திறந்தே வைத்திருந்தார்கள். நான்கு பம்பையும் மாமா ஊர்ந்து ஊர்ந்து தாண்டினார், எதுவும் உரசவில்லை. மண்டப வாசலில் உறவினர்கள் ஆரத்தித் தட்டோடு காத்திருந்தார்கள். மகளை இறக்கிவிட்டு அவர் காரை நிறுத்தப் போனார். வெகுநேரம் ஆளைக் காணோம். ஐயர் தேடுகிறார் என்று நான் ஓடிப்போய்ப் பார்த்தால், பட்டு வேட்டியோடு முன்சக்கரத்தின் பக்கத்தில் பாதி குனிந்து நிற்கிறார், கையில் என் அளவு நாடா.

"மூணு மில்லிமீட்டர் சாய்வு பாப்பா," என்றார். "தரைதான் மட்டமா இல்ல."